கற்பனை உலகமொன்றின் அறத்தைக் கைக்கொண்டு வாழ முடியுமா?

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த 23 வயதுத் தம்பி ஒருவர் எனக்கு ஒரு நீண்ட கேள்வியை எழுதியிருக்கிறார். மிகுபுனைவு நாவல்களை, அதாவது ஃபான்டசி என்று நாம் சொல்லும் கதைகளை, ஏழு ஆண்டுகளாக அவர் வாசித்து வருகிறார். அவற்றுள் ஓர் உலகத்தின் நெறி மனத்தைப் பற்றிக்கொண்டதால், சொன்ன சொல் தவறாமை, பொய் பேசாமை, எதையும் அளவறிந்து எடுத்தல், விடியுமுன் எழுதல், சாம்பல் நிற ஆடை மட்டும் அணிதல் என்று பதினொரு விதிகளைக் கொப்பியொன்றில் எழுதி, அவற்றின்படி வாழத் தொடங்கியிருக்கிறார். தாயார் கவலைப்படுகிறார், நண்பர்கள் சிரிக்கிறார்கள். யாரோ ஒருவர் கற்பனையில் படைத்த உலகத்தைக் கொண்டு ஒருவன் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்வது சிறுபிள்ளைத்தனமா, அது மெய்யான தத்துவமாக முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது, அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்கிறார்.

தம்பி, முடியும் என்பதே என் பதில். ஆனால் கதையிலிருந்து எதை எடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள், எத்தனை நாளைக்கு எடுக்கிறீர்கள் என்பவற்றைப் பொறுத்தே அது வாழ்வாகவோ வேடமாகவோ அமையும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன். இதே ஆசை பதினேழாம் வயதில் எனக்கும் வந்தது. அன்று நான் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்றே ஒன்று இன்றுவரை என்னோடு தங்கியிருக்கிறது. அதனால் உங்கள் கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ள என்னால் இயலாது.

முதலில், உலகத்தை விட்டுத் தப்பியோடுகிறான் என்று உங்கள் மேல் சுமத்தப்படும் பழியை எடுத்துக்கொள்வோம். மிகுபுனைவு எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1939ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில் இந்தப் பழிக்கு விடை சொன்னார். சிறைப்பட்டவன் வீட்டுக்குப் போக விரும்புவதையும், படைவீரன் களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறார்கள் என்பது அவருடைய வாதம். அவர் 1916இல் பிரான்சில் சொம் போர்க்களத்தில் நின்றவர். 1918 அளவில் நெருங்கிய நண்பர்களுள் ஒருவரைத் தவிர எல்லோரையும் இழந்துவிட்டதாகப் பின்னாளில் எழுதியவர். 'தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என்ற அவருடைய பெருங்கதையில் தன் எசமானை முதுகில் சுமந்து மலையேறும் தோட்டக்காரனுக்கு, அந்தப் போரில் தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களே முன்மாதிரி என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்தக் கதையைப் படித்த ஒருவர், கூட வந்தவனை நடுவழியில் விட்டுப் போகக் கூடாது என்று ஒரு நெறியை எடுத்துக்கொண்டால், அது வெறுங்கற்பனையிலிருந்து வந்ததாகாது. சேற்றுக் குழிகளுக்குள் மெய்யான மனிதர்கள் காத்த நெறியே ஒரு கதையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

கதையை வாழ்வது எப்படி என்று படிக்க நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலிருந்து கல்முனை வீதியில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் பாண்டிருப்பு வந்துவிடும். அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலில், பாரதப் போரின் பதினெட்டு நாளுக்கு ஒப்ப, 18 நாள் உற்சவம் நடக்கிறது. ஊரவர் சிலர் பாண்டவராகவும் திரௌபதையாகவும் நோன்பு காத்து நிற்கிறார்கள், வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவநிலைக்கு ஏறுகிறான், கடைசியில் தீமிதிப்பு. நேற்றுவரை வயலிலும் கடையிலும் நின்ற மனிதர்கள் அந்த நாட்களில் கதைக்குள் இருக்கிறார்கள். ஊரும் அவர்களை அப்படியே நடத்துகிறது. அது தெய்வ வழிபாடு. நீங்கள் படித்த நாவலோடு அதைச் சமமாக வைத்து நான் பேசவில்லை. அதன் முறையை மட்டும் கவனியுங்கள் என்கிறேன். தொடங்கும் நாளும் முடியும் நாளும் எல்லோருக்கும் தெரியும். உடம்பு வருந்தும்படியான செயல் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்க ஊர் இருக்கிறது. முடிந்த பிறகு அவரவர் தொழிலுக்குத் திரும்புகிறார்கள்.

கூத்தும் அப்படித்தான். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு கூத்து அரங்கேறுவதற்கு மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்துச் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டை, கொடுப்பார். பிறகு சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக அரங்கேற்றம் வரை போகும். என் இளம் வயதில் ஒரு கிராமத்தில் தருமருக்கு ஆடுவதற்குச் சட்டம் வாங்கிய விவசாயி ஒருவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரம்பைப் பற்றிய பிணக்கு இருந்தது. ஒருநாள் விடியற்காலை, பழக்கம் முடிந்து களரியிலிருந்து எல்லோரும் கலைகிற நேரத்தில், பக்கத்து வயல்காரர் அவரை மறித்து, "நீ தருமருக்கு ஆடப் போறாய். இப்ப சொல்லு, வரம்பு எங்க கிடந்தது?" என்று கேட்டார். கேட்டவர் குத்தலாகத்தான் கேட்டார். தருமருக்கு ஆட இருந்தவர் ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் பின்னால் வர, வயலுக்கு நடந்து போனார். வரம்பில் நின்று சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் வயலுக்குள் ஓரடி, இரண்டடி உள்ளே இறங்கி, சேற்றில் காலை ஊன்றி, "இங்க" என்றார். அந்தக் கூத்து ஒரே இரவில் ஆடி முடிந்தது. வரம்பு அவர் காலை வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது.

கதையின் நெறி வாழ்வுக்குள் இறங்கும் இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். தருமராக உடுத்தபோது அவருக்கு அது நடக்கவில்லை. மண்ணில் இரண்டடியை விட்டுக்கொடுத்தபோது, அதுவும் விட்டுக்கொடுக்கும்படி கேட்க ஓர் ஆள் எதிரே நின்றபோது நடந்தது. நாவலுக்குள் ஒருவன் வாக்கைக் காத்தால், எங்கோ ஓரிடத்தில் எழுத்தாளர் அவனுக்குக் கைகொடுப்பார். தொலைந்த வாள் திரும்பும், கழுகு வந்து தூக்கிப் போகும். களுவாஞ்சிகுடியில் கழுகு வராது. ஆகவே ஒரு நெறியைத் தேர்கிறபோது, அதைக் காத்த பாத்திரம் யாருடைய உதவியும் இல்லாமல், தோற்றுக்கொண்டிருக்கும்போதும் காத்ததா என்று பாருங்கள். அப்படிக் காத்திருந்தால் அந்த நெறி எடுத்துக்கொள்ளத் தக்கது.

எதை எடுப்பது என்பதற்கும் நம்மிடம் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அதை நினைக்கும்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது. வைகாசியில் நம் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். வழக்குரையில் என்ன நடக்கிறது? நீதி தவறிய அரசவையில் ஒரு பெண் வழக்குரைக்கிறாள். அவள் சினத்தில் மதுரை எரிகிறது. கதையிலேயே மிகப் பெரிய, மிகக் கவர்ச்சியான நிகழ்ச்சி அந்தத் தீ. ஆனால் தலைமுறை தலைமுறையாக இதைக் கேட்ட மக்கள் தாம் செய்வதற்கென்று எடுத்துக்கொண்டது குளிர்விப்பதை. அநீதி நடந்ததை மறைக்கவில்லை. அவள் சினந்தது தவறு என்றும் சொல்லவில்லை. முழுவதையும் பாடிவிட்டு, எரிந்த நெஞ்சைக் குளிரச் செய்வதையே தங்கள் கடமையாக ஏற்றுக்கொண்டார்கள். கதையில் பளிச்சென்று தெரிவது ஒன்று, வாழ்வதற்கு உரியது வேறொன்று என்ற இந்தத் தெளிவு எந்த நாவலை வாசிக்கும்போதும் வேண்டும்.

மிகுபுனைவில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் பகைவன்தான். பிறவியிலேயே தீயதான ஒரு கூட்டம், அதைக் கொன்றால் குற்றமில்லை என்ற ஓர் உறுதி, பல கதைகளின் அடியில் கிடக்கிறது. டோல்கீனுக்கே இது உறுத்தலாக இருந்தது. தாம் படைத்த ஓர்க் என்னும் கூட்டம் மீட்புக்கு வழியே இல்லாத முழுத் தீமையாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் தம் பிற்காலத்தில் வெவ்வேறு விளக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தார்; எதுவும் அவருக்கு நிறைவு தரவில்லை. உங்கள் பதினொரு விதிகளில் பகைவனைப் பற்றி ஒன்றும் இல்லை என்பது எனக்கு மிகுந்த ஆறுதல். நம் கரையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் சங்கிலிக் கண்ணிபோல் மாறி மாறி வருகின்றன. அம்பாறைப் பக்கம் சிங்கள ஊர்களும் சேர்கின்றன. 1990இல் இந்த ஊர்களுக்கிடையே என்ன நடந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இரு பக்கத்திலும் உயிர்கள் போயின. பிறவிப் பகைவன் என்ற எண்ணம் இங்கே வெறும் கதைச்சரக்கு அல்ல. கொம்புமுறி என்ற சடங்கு விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று இரு அணியாகப் பிரிந்து ஒருவரையொருவர் வசைபாடினாலும், அது விளையாட்டின் எல்லைக்குள் நின்றுவிடும் என்பதை நம் முன்னோர் அறிந்து வைத்திருந்தார்கள்.

இனி என் கதையைச் சொல்கிறேன். பதினேழாம் வயதில் நான் இரவல் வாங்கிப் படித்தது உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ நாவல்களுள் முதலாவது; 1968இல் வெளிவந்தது. தீவுகளாலான ஓர் உலகம். ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆற்றல் கிட்டும். அதனால் மந்திரம் பயிலும் மாணவர்கள் தனித்த கோபுரமொன்றில் மாதக்கணக்கில் அமர்ந்து, பட்டியல் பட்டியலாகப் பெயர்களை மனனம் செய்வார்கள். மற்றவர்களுக்கு அந்த நாவலில் பறக்கும் நாகம் பிடித்திருக்கலாம். எனக்கு அந்தக் கோபுரம் பிடித்தது. பெயர் தெரியாத ஒன்றைப் பயன்படுத்துவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

அது என்னை என் மாமாவின் தோணியில் கொண்டுபோய் ஏற்றியது. அவர் இரவில் வாவியில் வீச்சுவலை வீசுபவர். கரையோரம் கண்டல், தில்லை என்று மரங்களைச் சொல்லித் தந்தார். பிறகு இருட்டில் நீரைக் கேட்கப் பழக்கினார். எங்கோ 'சளக்' என்று ஒரு சத்தம் வரும். "திரளி" என்பார். அடுத்து அதே சத்தம் நாலைந்து முறை வரிசையாக வரும். நான் "திரளி" என்பேன். "திரளிதான். ஆனா ஏன் பாயுது? கீழ கொடுவா நிக்கிது" என்பார். ஓரா, மணலை, கெழுத்தி என்று நான் தட்டில் கண்ட மீன்களெல்லாம் அந்த ஓராண்டில் எனக்கு ஒவ்வொன்றாகத் தனித்தனியே அறிமுகமாயின.

பின்னர் கெட்ட காலம் வந்தபோது அந்த விதி நான் எதிர்பாராத இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஊரவர்களைப் பற்றி எல்லோரும் 'அவனுகள்' என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். பெயர் தெரியாத மீனைத் தின்னமாட்டேன் என்றிருந்தவன், பெயர் தெரியாத மனிதனைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்வது? எங்கள் தெருவுக்குத் துணி கொண்டுவந்த வியாபாரியின் பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை. நிலைமை சற்றுத் தணிந்து அவர் மீண்டும் வந்தபோது கேட்டேன். அவரும் என் பெயரைக் கேட்டார். இருவருக்கும் அந்தப் பழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. நான் பெரிய காரியம் எதையும் செய்துவிடவில்லை. ஆனால் ஒரு கூட்டப் பெயரால் ஒரு மனிதனை முடித்துவைக்க அன்றிலிருந்து எனக்கு நா எழுவதில்லை. அந்த விதி எனக்கு ஒரு கற்பனைத் தீவிலிருந்து கிடைத்தது.

அதே எழுத்தாளரிடமிருந்து இன்னொன்றையும் படித்துக்கொள்ளுங்கள். 1968 முதல் 1972 வரை வந்த முதல் மூன்று நாவல்களில் மந்திரப் பள்ளி ஆண்களுக்கு மட்டுமே உரியது. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்ற பழமொழிகள் அந்த உலகத்தில் வழங்கின. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், நான்காவது நாவலை எழுதியபோது அவர் அதே உலகத்தை ஒரு பண்ணை வீட்டுக் கைம்பெண்ணின் கண்ணாலும், தீயில் சுடப்பட்ட ஒரு சிறுமியின் பக்கத்திலிருந்தும் பார்த்தார். தாம் படைத்த உலகத்தின் விதியையே அவர் திருத்தினார். படைத்தவரே திருத்திக்கொள்ளும்போது, வாசகர் அதைத் திருத்தக் கூடாத வேதமாக வைத்துக்கொள்வது சரியாகுமா? உங்கள் பதினொரு விதிகளையும் எடுத்து வைத்து, இந்த உலகத்தில் சோறு சமைத்தவர் யார், சட்டி கழுவியவர் யார் என்று கேளுங்கள். விடியுமுன் எழுந்து தியானத்தில் அமர்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுபவர் உங்கள் அம்மா என்றால், அந்த விதி இன்னும் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.

திரளாகச் சேர்ந்து செய்தவர்களும் உண்டு. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 390,000க்கும் மேற்பட்டோர் மதம் என்ற இடத்தில் ஒரு திரைப்படத்தில் வரும் ஜெடாய் என்ற வீரர் குழுவின் பெயரை எழுதினார்கள். பலர் வேடிக்கைக்காகத்தான் எழுதினார்கள். ஆனால் மனமார அந்த நெறியில் நிற்பவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களுள் ஓர் அமைப்பு அறக்கட்டளையாகப் பதிவு கேட்டபோது, அங்குள்ள அறக்கட்டளை ஆணையம் 2016 டிசம்பரில் மறுத்துவிட்டது. சொன்ன காரணங்களுள் ஒன்று, ஒழுக்க மேம்பாடு அந்த நம்பிக்கைக்கும் நடைமுறைக்கும் மையமாக இருப்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது. ஓர் அரச நிறுவனத்தின் தீர்ப்பு ஒருவருடைய உள்ளத்தை அளந்துவிடாது. இருந்தாலும் அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளலாம். இதைக் கைக்கொண்ட பிறகு நான் யாரிடம், எந்தச் செயலில் மாறியிருக்கிறேன்?

ஆகவே பதினொன்றையும் ஒரே நேரத்தில் காக்க முயலாதீர்கள். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை நினைத்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகாரம் என்ற காப்பியத்தின் அரங்கேற்று காதையில் யாழைப் பற்றி வரும் அடிகளைப் பிடித்துக்கொண்டு, உலகில் இல்லாமற்போன ஒரு கருவியை மீட்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். விஞ்ஞானம் படித்தவராகையால் சுருதிகளைக் கணக்கிட்டார். கணக்கைச் செவியால் சோதித்தார். யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். காப்பியத்தில் வீரமும் காதலும் ஊழும் எத்தனையோ இருக்க, ஒரு காதையின் சில அடிகளை அவர் எடுத்துக்கொண்டார்.

நீங்கள் சொன்ன சொல் தவறாமையை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் அப்படியே எழுதினால் அது மிகப் பெரிதாகவும் தெளிவற்றதாகவும் இருக்கிறது. அன்றாடச் செயலாக அதைக் குறுக்க வேண்டும். நாம் ஒரு நாளில் எத்தனை முறை 'பாப்பம்' என்றும் 'வாறன்' என்றும், செய்யும் எண்ணமில்லாமல், கேட்டவரை அனுப்பிவைப்பதற்காக மட்டும் சொல்கிறோம்! 18 நாளைக்கு அந்த இரண்டு சொற்களையும் அப்படிப் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவதாக இருந்தால் நாளும் நேரமும் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நான்காம் நாளே ஒரு நண்பருக்கு உங்கள்மேல் மனவருத்தம் வரும். அந்த இடத்தில்தான் உங்கள் வரம்பு இருக்கிறது. ஒவ்வோர் இரவும் கொப்பியில் தவறியதை எழுதுங்கள். காத்ததை எழுத வேண்டாம். பதினெட்டாம் நாள் விதியை அவிழ்த்துவிட்டு, சில நாள் சும்மா இருங்கள். எது தானாகவே உங்களிடம் தங்கிவிட்டது என்பது அப்போது தெரியும்.

சாம்பல் நிற ஆடையை நான் குறைசொல்லவில்லை. விரதக்காரர் காப்புக் கட்டுவதைப் போல, கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் மனத்துக்குப் பிடிமானமாகும். ஆனால் அதற்காகக் காசு செலவாகிறது என்றாலோ, அதை அணியாதவர்களை நீங்கள் ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிறீர்கள் என்றாலோ சில காலம் விட்டுவிடுங்கள். அந்த உலகத்தின் பொருளை உங்களுக்கு விளக்கித் தருவதாகச் சொல்லி யாராவது தலைமை ஏற்க வந்தால் விலகி நில்லுங்கள். கதைக்குள் இருப்பது மட்டுமே இனிதாகி, தொழிலும் உறக்கமும் சாப்பாடும் கெடத் தொடங்கினால், அது நோன்பு அல்ல. தயங்காமல் ஒரு வைத்தியரிடம் பேச வேண்டிய நிலை.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். நாவலின் கதையையும் பதினொரு விதிகளையும் அவருக்கு விளக்கப் புகுந்தால், மகனை யாரோ மதம் மாற்றிவிட்டார்கள் என்று அவர் அஞ்சக்கூடும். அந்த 18 நாளில் ஒரு நாள், அவர் கேட்ட ஒரு வேலையைச் சொன்ன நேரத்துக்குச் செய்து வையுங்கள். பிறகு புரட்டாதியில் பாண்டிருப்பில் வனவாசம் நடக்கும் நாளில் அவரை அழைத்துக்கொண்டு போங்கள். பாண்டவராக நிற்பவர்கள் தெருவால் போகும்போது, அவர்களை யாரென்று தமக்குத் தெரியும் என்று அவர் உங்களுக்குச் சொல்லக்கூடும்: இன்னாருடைய மகன், இன்ன கடைக்காரர் என்று. அப்போது உங்கள் கொப்பியைப் பற்றிச் சொல்லுங்கள்.